ஏழைக் குடும்பங்களுக்கான நுண்கடனும் உங்கள் நன்கொடையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏழைப் பெண்களுக்குத் தொழில் கடன் கொடுக்கும் திட்டங்களுக்கு உதவ நினைப்பவர்களுக்காக இந்தப் பக்கம். கொடுப்பவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு, கடன் வாங்கும் பெண்ணின் பக்கம் நின்று கேட்க வேண்டிய சிலவற்றையும் சேர்த்திருக்கிறோம்.

நுண்கடன் என்றால் எது? மகளிர் குழுக் கடனும் அதுவும் ஒன்றுதானா?

அடமானம் இல்லாமல் ஏழைக் குடும்பத்துக்குக் கொடுக்கும் சிறு கடன்தான் நுண்கடன். ரிசர்வ் வங்கியின் 2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி, ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு அடமானமின்றித் தரும் கடன் இந்தக் கணக்கில் வரும்.

இது இரண்டு வழிகளில் போய்ச் சேர்கிறது. ஒன்று, சுய உதவிக் குழு. பத்து முதல் இருபது பெண்கள் சேர்ந்து மாதச் சந்தா போடுகிறார்கள். சேர்ந்த பணத்தில் தங்களுக்குள் உள்கடன் கொடுத்துக்கொள்கிறார்கள். தீர்மான நோட்டும் கணக்கும் ஒழுங்காக இருந்தால் வங்கி அந்தக் குழுவின் பெயரில் பெரிய தொகை தருகிறது. இன்னொன்று, நிதி நிறுவனம் ஒவ்வொரு பெண்ணுக்கும் நேராகக் கொடுத்து, வாரத்துக்கோ மாதத்துக்கோ ஒருமுறை அவர்களை ஓரிடத்தில் கூட்டி 'சென்டர் மீட்டிங்' போட்டு வசூலிப்பது. தெருவில் இரண்டுக்கும் 'குழு லோன்' என்றுதான் பேச்சு. நன்கொடை கொடுப்பவர் மட்டும் இவற்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. முதல் வகையில் பணமும் பதிவேடும் முடிவும் பெண்கள் கையில் இருக்கின்றன. இரண்டாவதில் அவர்கள் வாடிக்கையாளர்கள்.

வங்கியே கடன் கொடுக்கிறதே, பிறகு நன்கொடை எதற்கு?

கடன் தொகைக்கு இன்று நன்கொடை அவ்வளவாகத் தேவையில்லை என்பதே எங்கள் கருத்து. வங்கிகளிடம் பணம் இருக்கிறது. தேசிய ஊரக வாழ்வாதார இயக்கத்தின் கீழ் ஒழுங்காக நடக்கும் குழுவுக்கு 3 லட்சம் ரூபாய் வரை ஆண்டுக்கு 7% வட்டியில் கடன் கிடைக்கிறது. ஆனால் அந்த இடத்துக்கு ஒரு குழு வந்து சேரும் வரை ஆகும் செலவைக் கடன் கொடுக்கும் வங்கிகள் ஏற்பதில்லை.

கையெழுத்துப் போடத் தெரியாத பெண்களைக் கூட்டி உட்கார வைக்க வேண்டும். சந்தா, அசல், வட்டி என்று பதிவேடு எழுதப் பழக்க வேண்டும். குழுவுக்குள் சண்டை வந்தால் தீர்த்து வைக்க வேண்டும். வங்கி மேனேஜர் முன்னால் தலைநிமிர்ந்து பேசும் அளவுக்குக் கூடவே போய்வர வேண்டும். இதற்கு ஒரு ஊக்குநர் ஓரிரு ஆண்டுகளாவது அந்த ஊருக்கு நடந்தாக வேண்டும். அவருடைய சம்பளத்தையும் பஸ் கட்டணத்தையும் கடன் வட்டியில் ஏற்றினால் அது ஏழையின் தலையில் விழும். நன்கொடைக்கு உரிய இடம் இதுதான்.

வரலாறும் அப்படித்தான் நடந்திருக்கிறது. கர்நாடகத்தில் மைராடா தொண்டு அமைப்பு 1980களின் நடுவில் சிறு கடன் குழுக்களை உருவாக்கிப் பார்த்தபோது, ஊரக வளர்ச்சிக்கான தேசிய வங்கியான நபார்டு 1987ல் 10 லட்சம் ரூபாயை மானியமாகக் கொடுத்தது. அந்த அனுபவத்தை வைத்துத்தான் 1992ல் 500 குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் சோதனைத் திட்டம் தொடங்கியது. இன்று நாடு முழுவதும் பல பத்து லட்சம் குழுக்கள் இருக்கின்றன என்றால் வேர் அங்கே இருக்கிறது. தமிழ்நாட்டில் 1989ல் தருமபுரி மாவட்டத்தில் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் குழுக்களைத் தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் சேலம், மதுரை, ராமநாதபுரம் என்று அது பரவியது.

மதுரைப் பக்கத்துக் களஞ்சியம் மகளிர் சேமிப்புக் குழுக்களை அறியாதவர்கள் குறைவு. அழகர்கோவில் அருகே புல்லுச்சேரியின் கூலி விவசாயி சின்னப்பிள்ளை அந்த இயக்கத்தில் தலைவியாக வளர்ந்தவர். 2001ல் டெல்லியில் அவருக்கு விருது கொடுத்த பிரதமர் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கினார். 2019ல் பத்மஸ்ரீயும் வந்தது. அப்படி ஒரு தலைமை உருவாகப் பல ஆண்டுகள் யாரோ பொறுமையாகச் செலவு செய்திருக்கிறார்கள். எந்தக் கடன் கணக்கிலும் அந்தச் செலவைப் பார்க்க முடியாது.

வங்கதேசத்தின் கிராமீன் வங்கி நன்கொடையில்லாமல் வளர்ந்தது என்கிறார்களே?

இல்லை. அதை உருவாக்கிய பேராசிரியர் முகமது யூனுஸ் 1976ல் சிட்டகாங் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்து ஜோப்ரா கிராமத்தில் 42 பேருக்குக் கொடுத்தது தம் கைப்பணம், அன்றைய மதிப்பில் 27 டாலர். ஆனால் 1983ல் அது முறையான வங்கியாக ஆவதற்கு முன்னும், ஆன பிறகும், ஃபோர்டு அறக்கட்டளை, பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியம், நார்வே, சுவீடன் அரசுகள் என்று பலரும் மானியமும் மலிவு வட்டிப் பணமும் கொடுத்தார்கள். 1995ல்தான் இனி நன்கொடை வேண்டாம் என்று வங்கி முடிவெடுத்தது. தொடக்கத்தில் தாங்கிப் பிடித்து, காலூன்றியதும் கையை எடுத்துக்கொண்ட நன்கொடைக்கு இது நல்ல முன்மாதிரி.

கடன் கொடுத்தால் வறுமை போய்விடுமா?

கடன் மட்டும் கொடுத்தால் போகாது. இதை வருத்தத்தோடுதான் சொல்கிறோம், ஆனாலும் சொல்லியாக வேண்டும்.

போஸ்னியா, எத்தியோப்பியா, இந்தியா, மெக்சிகோ, மங்கோலியா, மொராக்கோ ஆகிய ஆறு நாடுகளில் செய்த கள ஆய்வுகள் 2015ல் ஒன்றாக வெளிவந்தன. கடன் கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிட்ட ஆய்வுகள் இவை. இந்திய ஆய்வு ஹைதராபாத்தின் ஏழைக் குடியிருப்புகளில் நடந்தது. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் அதைச் செய்தவர்களில் இருவர். சராசரிக் குடும்பத்தின் வருமானமோ சாப்பாட்டுச் செலவோ குறிப்பிடும்படி உயரவில்லை. பிள்ளைகளின் படிப்பிலும் மாற்றம் தெரியவில்லை. ஏற்கெனவே கடை வைத்திருந்தவர்கள் அதைக் கொஞ்சம் பெரிதாக்கினார்கள். வீட்டுக்கு நீடித்து நிற்கும் பொருள் வாங்கினார்கள்; டீ, புகையிலை, விசேஷங்களுக்கான செலவைக் குறைத்துக்கொண்டார்கள். கடன் வாசல்வரை வந்தும் கால்வாசிக் குடும்பங்கள்தான் வாங்கின என்பதையும் கவனிக்க வேண்டும். எல்லா ஏழையும் தொழில் தொடங்கத் துடித்துக்கொண்டிருக்கிறார் என்று நினைப்பது கொடுப்பவரின் ஆசை. பலருக்கு வேண்டியது மாதம் தவறாத கூலி.

அப்படியானால் நுண்கடனால் பயனே இல்லையா? இருக்கிறது. மழைக்காலத்தில் வேலை இல்லாதபோது, பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தபோது, பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில், கந்து வட்டிக்காரர் வீட்டுக்குப் போகாமல் சமாளிக்க அது உதவுகிறது. ஒரு தையல் மெஷின், இரண்டு ஆடு, இட்லிக் கடைக்கு ஒரு கிரைண்டர் என்று சிலருக்குத் தொழிலும் அமைகிறது. இதை இவ்வளவாகவே மதித்துக் கொடுப்பவர்கள் பிறகு ஏமாற்றம் அடைய மாட்டார்கள்.

ஒன்றுமே இல்லாத குடும்பத்துக்குக் கடன் கொடுக்கலாமா?

கூடாது. இரண்டு வேளைச் சாப்பாட்டுக்கே வழியில்லாத வீட்டில் கடன் பணம் முதலில் அரிசியாகும். அடுத்த வாரம் தவணைக்கு இன்னொரு கடன் வாங்க நேரும். கணவனை இழந்து, நிலமும் இல்லாமல், பெரிய பிள்ளைகளும் இல்லாமல் நிற்கும் பெண்களைக் குழுவில் சேர்த்துக்கொள்ள மற்றப் பெண்களே தயங்குவார்கள். அவர் கட்டாவிட்டால் சுமை தங்கள் மேல் விழும் என்ற பயம் அவர்களுக்கு.

இவர்களுக்காக வங்கதேசத்தின் பிராக் அமைப்பு 2002ல் வேறொரு வழியை உருவாக்கியது. முதலில் ஒரு சொத்தை இலவசமாகக் கொடுப்பது: ஆடு, மாடு, அல்லது சிறு வியாபாரத்துக்கான சரக்கு. அது பலன் தரும் வரை சில மாதங்களுக்குச் சாப்பாட்டுச் செலவுக்குச் சிறு தொகை. சேமிப்புக் கணக்கு. வாரம் ஒருமுறை வீட்டுக்கே வந்து ஆலோசனை சொல்லும் பணியாளர். ஒன்றரை, இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு அந்தப் பெண் விரும்பினால் கடன் வாங்கலாம். எத்தியோப்பியா, கானா, ஹோண்டுராஸ், இந்தியா, பாகிஸ்தான், பெரு ஆகிய நாடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களை வைத்து இதைச் சோதித்த முடிவும் 2015ல்தான் வந்தது. உதவி நின்று ஓராண்டு கழிந்த பிறகும் பெரும்பாலான இடங்களில் அந்தக் குடும்பங்கள் மற்றவர்களைவிட நன்றாகச் சாப்பிட்டன, சேமித்தன. மேற்கு வங்கத்தின் முர்ஷிதாபாத்தில் பந்தன் அமைப்பு இதைச் செய்த குடும்பங்களைப் பத்து ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோதும் அந்த முன்னேற்றம் நிலைத்திருந்தது.

ஒரு குடும்பத்துக்கு ஆகும் செலவு இதில் அதிகம். கொடுத்த பணமும் திரும்பி வராது. ஆனால் எந்த வங்கியும் எட்டிப் பார்க்காத இடம் இதுதான். உங்களிடம் இருப்பது உண்மையான நன்கொடை என்றால், அதாவது திரும்ப எதிர்பார்க்காத பணம் என்றால், முதலில் இங்கே கொடுங்கள் என்போம்.

தர்மப் பணத்தில் நடக்கும் அமைப்பு எதற்கு வட்டி வாங்குகிறது?

சிறு கடனைக் கொடுத்து வாங்கும் செலவு, கடன் தொகையோடு ஒப்பிட்டால் மிகப் பெரியது. ஒரு கடனைப் பராமரிக்க ஆண்டுக்கு 1,000 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 10,000 ரூபாய்க் கடனில் தவணை கட்டக் கட்டச் சராசரியாகப் பாதித் தொகைதான் நிலுவையில் நிற்கும். அந்த 5,000த்துக்கு 1,000 என்பது 20%. அதே 1,000 ரூபாய் 10 லட்சக் கடனில் 0.2%தான். ஆகவே வட்டி வாங்குவதே தவறு என்று நாங்கள் சொல்ல மாட்டோம். எவ்வளவு, எந்தக் கணக்கில் என்பதைக் கேட்க வேண்டும்.

குறிப்பாக 'ஃபிளாட்' வட்டியில் கவனம் வேண்டும். 10,000 ரூபாய்க்கு ஆண்டு 12% ஃபிளாட் என்றால் 1,200 ரூபாய் வட்டி. பன்னிரண்டு மாதத் தவணை தலா சுமார் 933 ரூபாய். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வரும்போதும் முழு அசலுக்கும் வட்டி போடுவதால், குறையும் நிலுவைக் கணக்கில் இது கிட்டத்தட்ட 21.5%. இன்ஷூரன்ஸ், நடைமுறைக் கட்டணம் என்று முன்கூட்டியே பிடித்துக்கொண்டால் இன்னும் ஏறும். எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு எத்தனை சதவீதம் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கும் அமைப்புக்குக் கொடுக்காதீர்கள்.

வட்டியே இல்லாமல் நடத்தவே முடியாதா?

நடத்திக் காட்டியிருக்கிறார்கள். பாகிஸ்தானில் டாக்டர் அம்ஜத் சாக்கிப் 2001ல் லாகூரில் தொடங்கிய அகுவத், கர்ழ் ஹசனா என்ற இஸ்லாமிய வட்டியில்லாக் கடன் மரபை ஏற்றது. முதல் கடன் ஒரு கைம்பெண்ணுக்குக் கொடுத்த 10,000 ரூபாய். பள்ளிவாசலிலேயே கூட்டம் போட்டுக் கடன் கொடுப்பதால் அலுவலக வாடகை மிச்சம். பிற மதத்தவருக்கும் கடன் உண்டு. வாங்கித் தேறியவர்களில் பலர் பிறகு தாங்களே நன்கொடை கொடுக்கிறார்கள். சாக்கிபுக்கு 2021ல் மகசேசே விருது கிடைத்தது. அலுவலகச் செலவையும் வராக்கடனையும் நன்கொடை தாங்கினால் ஏழையிடம் வட்டி வாங்க வேண்டியதில்லை என்பதற்கு இது கண்முன் உள்ள சாட்சி. நன்கொடை நின்றால் கடனும் சுருங்கும் என்பது இதன் மறுபக்கம். இப்படிப்பட்ட அமைப்புக்கு ஒருமுறை பெருந்தொகை கொடுப்பதைவிட ஆண்டுதோறும் கொடுப்பது உதவும்.

நாங்கள் கொடுத்த பணம் பின்னாளில் யாருக்கோ லாபமாகிவிடாதா?

ஆகியிருக்கிறது. மெக்சிகோவில் நுண்கடன் கொடுக்கும் கொம்பர்தாமோஸ் தொண்டு அமைப்பாக, மானியப் பணத்தில் வளர்ந்தது. பிறகு கம்பெனியாகி 2007ல் பங்குச் சந்தைக்கு வந்தபோது முப்பது சதவீதப் பங்குகள் 45 கோடி டாலருக்கும் அதிகமாக விற்றன. அப்போது ஏழைப் பெண்களிடம் அது வாங்கிய வட்டி, வரியையும் சேர்த்தால், ஆண்டுக்கு 100 சதவீதத்தைத் தொட்டது. ஆந்திரத்தில் தொண்டு நிறுவனமாகத் தொடங்கிய எஸ்.கே.எஸ். என்ற நுண்கடன் நிறுவனம் 2010 ஆகஸ்டில் பங்குச் சந்தையில் நுழைந்தது.

ஆகவே பணம் கொடுக்கும் முன், இந்த அமைப்பு யாருக்குச் சொந்தம் என்று கேளுங்கள். கம்பெனியாக மாறினால் இதுவரை சேர்ந்த மானியத்துக்கு யார் உரிமையாளர் என்பதை எழுத்தில் வாங்குங்கள். அகமதாபாத்தில் 1974ல் தொடங்கிய சேவா வங்கியின் முதல் மூலதனம், நான்காயிரம் உழைக்கும் பெண்கள் ஆளுக்குப் பத்து ரூபாய் போட்டுச் சேர்த்தது. சேவா சங்கத்தைத் தொடங்கிய இளா பட் அந்தப் பெண்களோடு நின்றார். உடைமை அவர்களிடம் இருந்தது. கிராமீன் வங்கியிலும் பெரும்பான்மைப் பங்குகள் கடன் வாங்கும் உறுப்பினர்களுடையவை. லாபம் வந்தால் அது அவர்களிடமே திரும்பும்.

ஆந்திராவிலும் இலங்கையிலும் என்ன நடந்தது?

ஆந்திராவில் ஒரே வீட்டுக்கு மூன்று, நான்கு நிறுவனங்கள் போட்டி போட்டுக் கடன் கொடுத்தன. ஒன்றின் தவணையை அடைக்க இன்னொன்றில் வாங்கினார்கள். வசூலுக்கு வந்தவர்கள் வாசலில் உட்கார்ந்தார்கள். குழுப் பெண்களையே ஒருவர்மேல் ஒருவர் ஏவினார்கள். தற்கொலைச் செய்திகள் தொடர்ந்து வந்ததும் 2010 அக்டோபரில் ஆந்திர அரசு அவசரச் சட்டம் போட்டது. வசூல் ஏறக்குறைய நின்றுபோனது. இன்றைய ரிசர்வ் வங்கி விதிகளுக்குப் பின்னணி இதுதான். அந்த விதிகள்: எல்லாக் கடன்களுக்கும் சேர்த்து மாதத் தவணை, குடும்ப வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது, காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் தொந்தரவு செய்யக் கூடாது, கடன் விவரம் எழுதிய அட்டை, கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும்.

இலங்கையில் போருக்குப் பிறகு வடக்கிலும் கிழக்கிலும் நுண்நிதி நிறுவனங்கள் வீடு வீடாக இறங்கின. குடும்பத் தலைவனை இழந்த பெண்கள்தான் அதிகம் சிக்கினார்கள். 2018 செப்டம்பரில் நேரில் வந்து பார்த்த ஐ.நா. நிபுணர், சில கடன்களின் ஆண்டு வட்டி 220% வரை போனதைப் பதிவு செய்தார். அதே ஆண்டில் வறட்சி பாதித்த மாவட்டங்களில் ஒரு லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட பெண்களின் கடன்களைத் தள்ளுபடி செய்யும் திட்டத்தையும் வட்டிக்கு 35% உச்சவரம்பையும் அரசு அறிவித்தது. புலம்பெயர்ந்த உறவுகள் அங்கே இன்னொரு கடன் திட்டம் தொடங்குமுன், இருக்கும் கடனில் இருந்து மீட்கும் வேலைக்கும் கிராம மகளிர் கூட்டுறவுகளுக்கும் கொடுக்க முடியுமா என்று யோசிக்க வேண்டும்.

"98% பேர் ஒழுங்காகக் கட்டுகிறார்கள்" என்கிறார்கள். அது நல்ல அறிகுறிதானே?

தனியாக அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. தாலியை அடகு வைத்துக் கட்டியதும், ஆட்டை விற்றுக் கட்டியதும், மீட்டர் வட்டிக்கு வாங்கிக் கட்டியதும் அந்த 98க்குள் இருக்கும். ஆந்திராவில் 2010க்கு முன்பும் வசூல் கணக்கு அழகாகத்தான் இருந்தது. வருமானம் இல்லாத மாதத்தில் தவணையைத் தள்ளிப்போட வழி உண்டா என்று கேளுங்கள். கொல்கத்தாவில் செய்த ஓர் ஆய்வில், முதல் தவணைக்கு இரண்டு மாத அவகாசம் பெற்ற பெண்களின் தொழில் மற்றவர்களுடையதைவிட நன்றாக வளர்ந்தது. கட்டத் தவறியவர்களும் அதில் சற்று அதிகம். அந்த இழப்பைத் தாங்க நன்கொடை முன்வந்தால் பல குடும்பங்களுக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும்.

இணையத்தில் ஒரு பெண்ணின் படத்தைப் பார்த்துக் கடன் கொடுத்தால் அது அவருக்கே போகுமா?

பெரும்பாலும் அவருக்குக் கடன் முன்பே கொடுத்திருப்பார்கள். 2005ல் தொடங்கிய கிவா தளத்தில் 25 டாலரில் இருந்து கொடுக்கலாம். உங்களுக்கு வட்டி கிடையாது. உங்கள் பணம் அந்த ஊரில் உள்ள பங்காளி நிறுவனத்துக்குப் போய், அது ஏற்கெனவே கொடுத்த கடனை ஈடுகட்டும். 2009ல் ஒரு பொருளாதார ஆய்வாளர் இதைச் சுட்டிக்காட்டிய பிறகு கிவா தன் விளக்கத்தையே மாற்றி எழுதியது. இது மோசடி ஆகாது. ஆனால் படத்தில் உள்ள முகத்தைவிட, கீழே இருக்கும் பங்காளி நிறுவனத்தின் பெயரையும் அது வாங்கும் வட்டியையும் படிப்பது முக்கியம். அந்தப் பெண் வட்டி கட்டத்தான் செய்கிறார்.

இந்தியாவில் 2008 முதல் இயங்கும் ரங் தே தளத்தில் சமூக நோக்கோடு சிறு தொகை கடன் கொடுக்கலாம். இங்கே கொடுப்பது முதலீடு; குறைந்த வட்டி வரும், அசல் போகவும் வாய்ப்புண்டு.

வரிச்சலுகை உண்டா?

80ஜி அனுமதி பெற்ற அமைப்புக்குக் கொடுத்தால், பழைய வரி முறையைத் தேர்ந்தவர்களுக்கு உண்டு. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கிடையாது. கடனாகக் கொடுத்த பணத்துக்கும் கிடையாது.

வெளிநாட்டில் இருந்து தமிழ்நாட்டு அமைப்புக்கு அனுப்பலாமா?

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் தம் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடையாகக் கருதப்படாது. வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டால், பூர்வீகம் மானாமதுரையாக இருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடைதான். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப் பதிவு உள்ள அமைப்பு மட்டுமே, டெல்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கிக் கிளையின் குறிப்பிட்ட கணக்கில் அதைப் பெறலாம். 2020 திருத்தத்துக்குப் பிறகு, அப்படிப் பெற்றதை இன்னோர் அமைப்புக்குக் கைமாற்றவும் முடியாது. பெரிய அமைப்புக்குக் கொடுத்தால் அது சின்னக் கிராம அமைப்புக்குப் பிரித்துக் கொடுக்கும் என்று எண்ணி அனுப்பாதீர்கள்.

எங்கள் ஊர்க் குழுவுக்கு நேரடியாகப் பணம் கொடுத்துவிடலாமா?

கொடுக்கலாம், ஆனால் கடன் முதலாகக் கொடுக்க வேண்டாம். வெளியாள் பணம் என்று தெரிந்தால் திருப்பிக் கட்டும் ஒழுக்கம் தளரும். தங்கள் சந்தாப் பணத்தைக் காப்பதுபோல அதைக் காக்க மாட்டார்கள். ஊரில் உங்களுக்கு வேண்டியவர், வேண்டாதவர் என்ற பேச்சும் வரும். குழுக்களின் ஊராட்சி அளவிலான கூட்டமைப்பிடம் போய் உட்கார்ந்து, எது தடையாக இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். கணக்கு எழுதத் தெரிந்த பெண்ணுக்கு ஓராண்டு மதிப்பூதியம், பதிவேடுகள், கறவை மாட்டுக்குக் காப்பீட்டுத் தொகை, திடீர் மருத்துவச் செலவுக்கு ஒரு சிறு அவசர நிதி என்று பதில் வரும். ரசீதைக் கூட்டமைப்பின் பெயரில் வாங்கி, தீர்மான நோட்டில் எழுதச் சொல்லுங்கள். யாருக்கு எவ்வளவு என்பதை அந்தப் பெண்களே கூட்டத்தில் முடிவு செய்யட்டும்.